முதலில் சூடு, பிறகு நீர், அதன் பிறகே பால்

ஆடிக்காற்றில் தென்னை மட்டை ஒன்று முறிந்து விழுந்த மறுநாள் காலை, எங்கள் கிணற்றடியில் ஓர் அணில் குட்டி கிடந்தது. கண் திறக்காத குட்டி. கையில் எடுத்தபோது ஈரக் கூழாங்கல்லைப் போலச் சில்லென்று இருந்தது. அப்போது எனக்குப் பத்து வயது. அம்மா பசும்பாலைக் காய்ச்சி ஆற்றினாள். நான் இங்க் ஃபில்லரைக் கழுவிக்கொண்டு ஓடிவந்தேன். நாலைந்து சொட்டு உள்ளே போய்விட்டது என்று மகிழ்ந்தோம். சற்று நேரத்தில் அதன் மூக்கில் பால் குமிழியிட்டது. பொழுது சாய்வதற்குள் குட்டி இறந்துவிட்டது. விழுந்த அடி அப்படி என்று பெரியவர்கள் சொன்னார்கள், நானும் நம்பினேன்.

வன உயிர் மறுவாழ்வு பற்றிப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் வேறொன்று புரிந்தது. அந்தக் குட்டியை விழுந்த அடியைவிட நாங்கள் ஊட்டிய பாலே கொன்றிருக்க வேண்டும். குளிர்ந்த உடல், விழுங்கத் தெம்பில்லாத தொண்டை, அதற்குள் நாங்கள் விட்ட பால். தமிழ்நாட்டில் தோட்டமோ மொட்டைமாடியோ உள்ள வீடுகளில் இதே காட்சி ஆண்டுதோறும் திரும்ப நடக்கிறது. எடுப்பவர்களிடம் அன்புக்குக் குறைவில்லை. எதை முதலில் செய்ய வேண்டும், எதை அப்போது செய்யவே கூடாது என்பதைத்தான் நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அடிபட்ட, அசைவற்றுக் கிடக்கும் அணிலைப் பற்றி மருத்துவமும் அனுபவமும் சட்டமும் சொல்வதை ஓரிடத்தில் தொகுத்து எடைபோடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எந்த அணில்?

நம் வீட்டுச் சுவரில் ஓடுவது மூன்று வரி அணில். தொல்காப்பியத்தின் மரபியல் அணிலை அதன் மூன்று வரிகளோடு சேர்த்தே குறிப்பிட்டு, அதன் இளமைப் பெயர் குட்டி என்று வகுக்கிறது. விந்திய மலைக்கு வடக்கே பெரும்பாலும் காணப்படுவது ஐந்து வரி அணில். வளர்ந்த மூன்று வரி அணிலின் எடை ஏறத்தாழ 100 கிராம். தாய் ஒரு ஈற்றில் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று குட்டிகளை ஈனும். பன்னாடை, தேங்காய் நார், பஞ்சு, கந்தல் நூல் என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்துக் கூடு கட்டும். தென்னை மட்டையின் இடுக்கு, வீட்டு வென்டிலேட்டர், ஏ.சி. பெட்டியின் பின்புறம், எதுவும் அதற்கு ஒத்துவரும். மட்டை வெட்டும்போதும், ஏ.சி. பழுது பார்க்கும்போதும், காற்றுக் காலத்திலும் குட்டிகள் கீழே வருவது இதனால்தான்.

எந்த அணில் என்று கேட்பதற்குக் காரணம் உண்டு. அணில் மீட்பு பற்றிய எழுத்துகளில் பெரும்பகுதி வட அமெரிக்காவிலிருந்து வந்தவை. அங்கே 1972இலும் 1982இலும் தோன்றிய இரண்டு பெரிய மறுவாழ்வு அமைப்புகள், தொண்டர்களின் அனுபவத்தைக் கால்நடை மருத்துவத்தோடு இணைத்து நெறிமுறைகளை உருவாக்கின. ஆனால் அந்த நெறிமுறைகளின் நாயகன் சாம்பல் அணில். அதன் எடை 400 முதல் 600 கிராம். நம் அணிலைப்போல் நாலு முதல் ஆறு மடங்கு. அதற்கு வகுத்த பால் அளவையும் மருந்தளவையும் அப்படியே எடுத்து நம் அணிலுக்குக் கொடுத்தால் அது தாங்காது. அங்கிருந்து நெறியை வாங்கிக்கொள்ளலாம், அளவை மட்டும் நம் அணிலை நிறுத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நகைக்கடையில் வைத்திருப்பது போன்ற, ஒரு கிராமையும் காட்டும் சிறு தராசு அணில் மீட்பில் முதல் கருவி.

மலைப்பகுதியில் மலை அணிலோ, நம் நாட்டுச் சாம்பல் நிற மலை அணிலோ அடிபட்டுக் கிடந்தால் வழி ஒன்றுதான்: உடனே வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். இந்தச் சாம்பல் நிற மலை அணிலுக்காகவே 1988இல் திருவில்லிபுத்தூரில் ஒரு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2021 முதல் அது ஒரு புலிகள் காப்பகத்தின் பகுதி. அந்த உயிர்களை வீட்டில் வைத்து வைத்தியம் பார்க்க முற்படவே கூடாது.

எடுக்கத்தான் வேண்டுமா?

கீழே கிடக்கும் குட்டியெல்லாம் அநாதை அல்ல. தாய் அணில் ஒன்றுக்கு மேற்பட்ட கூடுகளை வைத்திருக்கும். ஒரு கூடு கலைந்தால் குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்வி மறு கூட்டுக்குக் கொண்டுபோகும். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது ஊர் முழுக்க இருக்கும் நம்பிக்கை. மறுவாழ்வுப் பணியில் இருப்பவர்களின் அனுபவம் இதற்கு நேர்மாறானது. கையால் எடுத்து வைத்த குட்டியையும் தாய் வந்து தூக்கிப்போகிறது.

ஆகவே காயமில்லாத, உடம்பில் சூடுள்ள குட்டியாக இருந்தால் முதல் வைத்தியம் தாயிடம் சேர்ப்பதுதான். மூடியில்லாத சிறு கூடையிலோ கொட்டாங்கச்சியிலோ பழந்துணி விரித்து, அடியில் துணி சுற்றிய வெந்நீர் பாட்டில் வைத்து, குட்டியை அதில் கிடத்தி, விழுந்த மரத்திலேயே எட்டிய உயரத்தில் கட்டிவிட வேண்டும். பிறகு மனிதர்கள் விலகி நின்று பகல் வெளிச்சத்தில் இரண்டு மூன்று மணி நேரம் கவனிக்க வேண்டும். காக்கை, செம்போத்து, பூனை ஆகிய மூன்றும் நெருங்காமல் பார்த்துக்கொள்வது அவசியம். எறும்பு ஏறாதபடி கூடையைக் கட்டுவதும் அவ்வளவே முக்கியம். அணில் பகலில் நடமாடும் உயிர். இருட்டிய பிறகு தாய் வராது. மாலைக்குள் வரவில்லையென்றால் குட்டியை உள்ளே எடுத்து வைத்து, விடிந்ததும் மீண்டும் முயலலாம்.

பெரிய அணில்களைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. கத்திரி வெயிலில் நிழலான சுவர்மேல் நாலு காலையும் பரப்பி வயிற்றைத் தரையில் அழுத்திக் கிடக்கும் அணில் நோயாளி அல்ல, உடம்பின் சூட்டைத் தணித்துக்கொண்டிருக்கிறது. நெருங்கினால் எழுந்து ஓடிவிடும். நெருங்கியும் ஓடாத அணிலுக்குத்தான் உதவி வேண்டும்.

தாய் வராத குட்டி, குளிர்ந்துபோன குட்டி, ரத்தமோ புழுவோ ஈ முட்டையோ உள்ள குட்டி, பூனை வாயில் பட்ட எந்த அணிலும், பிடிக்க வந்தால் ஓட முடியாத பெரிய அணில்: இவற்றைக் கட்டாயம் எடுக்க வேண்டும்.

அசைவற்றுக் கிடக்கும் அணில்

இதுதான் மிகவும் கலங்க வைக்கும் நிலை. அசைவின்மை என்பது ஒரு நோயின் பெயரல்ல. பல காரணங்கள் ஒரே தோற்றத்தில் முடிகின்றன. மரத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்டிருக்கலாம். மின்கம்பியில் அதிர்ச்சி வாங்கியிருக்கலாம். பூனையின் பல் பதிந்த அதிர்ச்சியாக இருக்கலாம். எலி மருந்து தின்றிருக்கலாம். வெயில் தாக்கியிருக்கலாம். குட்டியாக இருந்தால் குளிரும் பட்டினியும் சேர்ந்து மயக்கியிருக்கலாம். நம் அணில்கள் குளிர்கால உறக்கம் கொள்வதில்லை. ஆகவே தூங்குகிறது, தானே எழும் என்று விட்டுவிடக் கூடாது.

தடித்த துண்டைப் போட்டு எடுத்து, முதலில் தொட்டுப் பார்க்க வேண்டும். உடம்பு சில்லென்று இருக்கிறதா, கொதிக்கிறதா? இந்த ஒரு கேள்விக்கான விடை அடுத்த செயலையே மாற்றிவிடும். குளிர்ந்திருந்தால் மெல்லச் சூடேற்ற வேண்டும். வெயில் தாக்கிக் கொதித்தால் நிழலில் வைத்து, கால்களிலும் காதுகளிலும் ஈரத் துணியால் ஒற்றிக் குளிர்விக்க வேண்டும். ஐஸ் தண்ணீர் வேண்டாம். அடுத்து மூச்சு: விலா ஏறி இறங்குகிறதா, வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறதா. பிறகு ஈறு: வெளுத்திருந்தால் அதிர்ச்சியோ ரத்தக் கசிவோ இருக்கக்கூடும். கண்மணிகள் ஒன்று பெரிதும் மற்றொன்று சிறிதுமாக இருந்தாலோ, கண் ஊசலாடினாலோ, மூக்கில் ரத்தம் இருந்தாலோ தலைக்காயம் என்று கொள்ளலாம்.

இந்த நிலையில் வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். அதைச் சரியாகச் செய்தால் போதும். காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் மென்மையான பருத்தித் துணி விரித்துப் படுக்க வைப்பது. தலைக்காயம் என்று தோன்றினால் தலைப்பக்கம் சற்று உயர்ந்திருக்கும்படி துணியை மடித்து வைப்பது, அதிகச் சூடு கொடுக்காமலிருப்பது. பெட்டியை மூடி இருட்டாக்குவது. டி.வி., நாய், ஆவலாக எட்டிப்பார்க்கும் குழந்தைகள் எல்லாவற்றையும் விலக்குவது. வாயில் எதையும் ஊற்றாமலிருப்பது. பிழைக்கப் போராடும் காட்டுயிருக்கு நம் முகமும் குரலும் வேட்டையாடியின் முகமும் குரலுமே. தடவிக் கொடுப்பது நமக்கு ஆறுதல் தரும். அதன் இதயத்துக்கு அது இன்னொரு சுமை. சில அணில்கள் சில மணி நேரத்தில் எழுந்து உட்காரும். தலையில் அடிபட்டவை தெளிய ஓரிரு நாள் ஆகலாம். அதற்குள் மருத்துவரிடம் சேர்ப்பதே கடமை.

தலைக்காயத்துக்கு ஸ்டீராய்டு ஊசி போடும் பழக்கம் நெடுங்காலம் இருந்தது. மனிதர்களிடம் நடத்தி 2004இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, சுமார் 10,000 தலைக்காய நோயாளிகளை வைத்துப் பார்த்து, ஸ்டீராய்டு இறப்பைக் கூட்டுகிறது என்று காட்டியது. அதன் பிறகு விலங்கு மருத்துவத்திலும் அந்தப் பழக்கம் கைவிடப்பட்டு வருகிறது. பிராணவாயு, அளவான திரவம், வலி நீக்கம், அமைதி என்பதே இன்றைய வழி.

வரிசை ஏன் மாறக்கூடாது?

உலகெங்கும் மீட்பாளர்கள் ஒருமித்துச் சொல்வது ஒரே வரிசையைத்தான்: முதலில் சூடு, பிறகு நீர், அதன் பிறகே உணவு. உடல் குளிர்ந்தால் குடலின் அசைவு மந்தமாகிறது. உள்ளே போன பால் செரிக்காமல் தங்கிப் புளித்து வயிறு உப்புகிறது. விழுங்கும் அனிச்சையும் மங்குவதால் பால் நுரையீரலுக்குள் இறங்குகிறது. எங்கள் கிணற்றடிக் குட்டியின் மூக்கில் வந்த குமிழி அதுதான். உடம்பு வறண்டிருக்கும்போது கெட்டியான பால் கொடுத்தால், அதைச் செரிக்க இருக்கிற நீரையும் உடல் செலவழிக்க நேர்கிறது.

சூடேற்றுவது பொறுமையான வேலை. முடி முளைக்காத குட்டிக்குச் சுற்றுப்புறம் 32 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றியோ, காலுறையில் அரிசி நிரப்பிச் சூடாக்கியோ பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வைக்க வேண்டும். சூடு மிகுந்தால் குட்டி மறுபாதிக்கு நகர்ந்துகொள்ளும். நகர முடியாத குட்டியாக இருந்தால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை நாமே தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். உள்ளங்கையில் வைத்தால் நம் கையைவிடச் சற்றே கதகதப்பாகத் தெரிய வேண்டும். அதுவரை வாய்க்கு ஒன்றும் இல்லை.

அடுத்தது நீர். தோள்பட்டைமேல் தோலை மெல்லக் கிள்ளி விட்டால் உடனே படிய வேண்டும். கூடாரம்போல நின்றால் உடம்பில் நீர் வறண்டிருக்கிறது. மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் சொன்ன அளவுத் தண்ணீரில் கரைத்து, வெதுவெதுப்பாக, ஊசி நீக்கிய ஒரு மி.லி. சிரிஞ்சால் உதட்டோரத்தில் துளித் துளியாகத் தர வேண்டும். கண் திறந்து நினைவோடு நக்கும் அணிலுக்கு மட்டுமே இது. நினைவில்லாத அணிலுக்குத் தோலுக்கடியில் திரவம் ஏற்றுவது மருத்துவரின் வேலை.

ஊட்டும்போது குட்டி குப்புற இருக்க வேண்டும், தலை சற்று நிமிர்ந்திருக்க வேண்டும். கைக்குழந்தையைப்போல் மல்லாக்கக் கிடத்திப் பால் புகட்டுவது நம் வீடுகளில் நடக்கும் மிகப் பெரிய பிழை. ஒரு வேளைக்கு உடல் எடையில் ஏறத்தாழ 5 விழுக்காடு: 20 கிராம் குட்டிக்கு 1 மி.லி., அதற்கு மேல் இல்லை. முடி முளைக்காத குட்டிக்கு இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, இரவிலும். மூக்கில் பால் வந்தால் உடனே நிறுத்தி, தலையைத் தாழ்த்தித் துடைக்க வேண்டும். கண் திறக்காத குட்டி தானாகச் சிறுநீர் கழிக்காது. தாய் நக்கிவிடுவதைப்போல வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் ஒவ்வொரு வேளையும் துடைத்துவிட வேண்டும். இது தெரியாததால் நன்றாகக் குடித்துவந்த குட்டிகளும் வயிறு வீங்கி இறந்துபோகின்றன.

எந்தப் பால்?

பசும்பாலில் கொழுப்பு சுமார் 4 விழுக்காடு, புரதம் 3 விழுக்காட்டுக்குச் சற்று மேல், பால் சர்க்கரையான லாக்டோஸ் ஏறத்தாழ 5 விழுக்காடு. அணில் இனத்தின் தாய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் பல மடங்கு அதிகம், லாக்டோஸ் குறைவு. பசும்பால் கொடுத்தால் குட்டி கழிந்து வறள்வதும், கழியாவிட்டாலும் மெலிவதும் இதனால்தான். ஆட்டுப்பால் நல்லது என்று பலர் சொல்கிறார்கள். கொழுப்பிலும் லாக்டோஸிலும் அது பசும்பாலை ஒட்டியே இருக்கிறது. வேறெதுவும் கிடைக்காத ஓர் இரவைக் கடத்த உதவலாம். வாரக்கணக்கில் வளர்க்க உதவாது. குழந்தைகளின் பால்பவுடர் இன்னும் பொருந்தாது. அது மனிதத் தாய்ப்பாலைப் பின்பற்றுவது. லாக்டோஸ் கூடுதல், புரதம் மிகக் குறைவு. பெரும்பாலான மீட்பாளர்கள் ஏற்றுக்கொண்டது நாய்க்குட்டிகளுக்கான பால்பவுடர். பெருநகரங்களில் செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கிறது. முதல் நாள் ஓ.ஆர்.எஸ்.ஸோடு கலந்து நீர்க்கக் கொடுத்து, இரண்டு மூன்று நாளில் மெல்ல முழு அளவுக்கு வர வேண்டும்.

காயங்கள்

மருத்துவர்கள் அதிகம் அஞ்சுவது பூனைக்கடியை. பூனையின் வாயிலுள்ள பாஸ்டுரெல்லா போன்ற கிருமிகள் ஊசி முனையளவு துளை வழியே புகுந்து, ஓரிரு நாளில் ரத்தத்தையே நஞ்சாக்கிவிடும். வெளியே ஒரு சொட்டு ரத்தம்கூடத் தெரியாமலிருக்கலாம். பூனை கவ்விய அணிலுக்கு அன்றே ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும். எந்த மருந்து என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். முயலுக்கும் கினிப்பன்றிக்கும் வாய்வழிப் பென்சிலின் குடலிலுள்ள நல்ல கிருமிகளை அழித்து உயிரையே வாங்கியிருக்கிறது. வீட்டு அலமாரியில் மிஞ்சிய மாத்திரையை உடைத்துக் கொடுப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு அது போதும். மனிதர்களின் வலி மாத்திரைகளும் வேண்டாம்.

எலி மருந்துகளில் இருவகையைத் தெரிந்திருக்க வேண்டும். ரத்தத்தை உறைய விடாத புரோமடியோலோன் போன்றவற்றுக்கு வைட்டமின் கே1 மாற்று மருந்தாகும். பல நாள் தொடர வேண்டும். துத்தநாக பாஸ்பைடுக்கு மாற்று மருந்து கிடையாது. அது வயிற்றில் நச்சு வாயுவாக மாறும். அணிலின் வாயில் பூண்டு வாடை வந்தால் எடுப்பவர் காற்றோட்டமான இடத்தில் நின்றே கையாள வேண்டும். எலிக்கு வைத்த பசை அட்டையில் ஒட்டிய அணிலை இழுத்துப் பிய்க்கக் கூடாது. சமையல் எண்ணெயைச் சிறிது சிறிதாகத் தடவி விடுவித்த பிறகு, எண்ணெய் பட்ட மயிர் குளிரைத் தாங்காது என்பதால் கதகதப்பாக வைக்க வேண்டும்.

பின்னங்கால்களை இழுத்து நகரும் அணிலைக் கண்டதும் முதுகெலும்பு முறிந்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. வெளியே கிடைத்த அணிலென்றால் முறிவுக்கே வாய்ப்பு அதிகம். வீட்டில் சில வாரம் வளர்ந்த குட்டியென்றால் சுண்ணாம்புச் சத்துக் குறைவை முதலில் நினைக்க வேண்டும். பிஸ்கட், சோறு, வேர்க்கடலை என்றே வளர்ந்த அணிலின் எலும்பு மாவாகிவிடுகிறது. வேர்க்கடலையில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் குறைவு. கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மி.கி. அளவு கால்சியம் உண்டு; முருங்கைக்கீரையிலும் அது நிறைய உண்டு. இவற்றோடு வெயிலும் கிடைத்தால் பல குட்டிகளை இந்த முடத்திலிருந்து காக்கலாம். வந்த பிறகு மாற்றுவது மருத்துவர் கையில்.

கடித்துவிட்டால்?

பயந்த அணில் கடிக்கும். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, மருத்துவரைப் பார்த்து டெட்டனஸ் ஊசி பற்றிக் கேட்க வேண்டும். அணில் போன்ற சிறு கொறிக்கும் உயிர்கள் வழியே ரேபிஸ் பரவுவது மிகமிக அரிது. ஆனாலும் நாய் கடித்த அணிலோ, நடத்தையில் விபரீதம் தெரிந்த அணிலோ கடித்திருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லாமல் விடக் கூடாது.

வளர்ப்பதா, விடுவதா?

ஒரே செயல் ஒரு நாட்டில் கருணை, இன்னொரு நாட்டில் குற்றம். இங்கிலாந்தில் அமெரிக்கச் சாம்பல் அணில் நாட்டின் செவ்வணிலை அழிக்கும் அயல் உயிர் என்பதால், மீட்ட சாம்பல் அணிலைத் திரும்ப விடுவது 2019ஆம் ஆண்டுச் சட்ட விதியால் தடைசெய்யப்பட்டது. நம் நாட்டு ஐந்து வரி அணிலே 1898இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகர விலங்குக் காட்சிச்சாலை வழியே ஊருக்குள் புகுந்து, அங்கே வேண்டா விருந்தாளியாகிவிட்டது. கிடைத்த இடத்திலேயே விட வேண்டும் என்ற நெறியின் நியாயம் இதில் விளங்கும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 2022 திருத்தமும் காட்டுயிரைச் செல்லமாக வைத்துக்கொள்ளும் எண்ணத்துக்கு இடம் தருவதில்லை. சிகிச்சை தொடர்ந்தால் வனத்துறைக்குத் தெரிவித்துவிடுவதே நேர்வழி. சென்னையில் 1959இல் கேப்டன் வி. சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸும், 1903இல் தொடங்கி வேப்பேரியில் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. சிற்றூரில் மாடு பார்க்கும் மருத்துவரே துணை. அணிலின் எடையை எழுதிக் கொண்டுபோனால் அவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

சட்டம் ஒருபுறமிருக்க, அணிலின் பக்கமும் ஒன்று உண்டு. தோளில் ஏறி விளையாடும் அணில் பூனையைக் கண்டும் ஓடாது. மூன்று வரிக் குட்டி ஏறத்தாழ பத்து வாரத்தில் பாலை மறக்கும். அப்போதிருந்து கையில் எடுப்பதைக் குறைத்து, கம்பிவலைக் கூண்டில் மரக்கிளை வைத்து வெளியே மாற்ற வேண்டும். கொட்டையை உடைக்கவும், கூடு கட்டவும், காக்கை கத்தினால் ஒளியவும் அது அங்கே கற்கும். முடிந்தால் இரு குட்டிகளைச் சேர்த்து வளர்ப்பது நல்லது. பிறகு ஒரு காலையில் கூண்டைத் திறந்து வைத்து, சில நாள் உணவும் நீரும் அங்கேயே கிடைக்கச் செய்தால் அது தானாகப் போகும், சில நாள் திரும்பும், பிறகு வராது.

மரமேற முடியாதபடி முதுகு முறிந்த அணிலை என்ன செய்வது என்பதுதான் எல்லாவற்றிலும் கடினமான கேள்வி. வலி தீராது, காட்டுக்குத் திரும்பும் வழியும் இல்லை என்று மருத்துவர் உறுதியாகச் சொன்னால், வலியில்லாமல் முடித்துவைப்பதும் சிகிச்சையின் பகுதியே என்பது உலக மறுவாழ்வு நெறி. நம் மனம் இதை எளிதில் ஏற்காது. எனக்கும் எளிதாக இல்லை. ஆனால் நம் மனம் தாங்கவில்லை என்பதற்காக அதன் வலியை நீட்டுவது நியாயமாகாது என்றே நான் கருதுகிறேன்.

எழுதி வைப்போம்

இத்தனையையும் தொகுத்துப் பார்க்கும்போது ஒரு குறை கண்ணில் படுகிறது. சூடு, நீர், உணவு என்ற வரிசையில் கருத்து வேறுபாடு இல்லை. அளவுகள்தான் நமக்கு இரவலாக இருக்கின்றன. மூன்று வரிக் குட்டி எந்த நாளில் எத்தனை கிராம் இருக்க வேண்டும், எந்தப் பாலில் எவ்வளவு ஏறியது, பூனைக்கடியில் எந்த மருந்து காத்தது என்பவை நம் ஊர் மீட்பாளர்களின் நினைவில்தான் பெரும்பாலும் தங்கியிருக்கின்றன. ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு தராசும் இருந்தால் போதும். கிடைத்த நாள், இடம், எடை, கொடுத்தது, நேர்ந்தது என்று ஐந்து பத்திகள் போட்டு, பிழைத்ததைப்போல இறந்ததையும் எழுதி வைக்கலாம்.

நான் அப்படி ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் கிணற்றடிக் குட்டியை நினைவிலிருந்து எழுதியிருக்கிறேன். எடை தெரியாது. கொடுத்தது: பசும்பால், நாலைந்து சொட்டு. கொடுக்காதது: சூடு.